வானத்தின் மீது பந்தயம்: மழைச் சூதிலிருந்து வானிலை ஒப்பந்தம் வரை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரைப் பேரூர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் இவ்வூரை நெருங்கும்போது உப்புப் பாத்திகள் விரிந்து கிடப்பதைக் காணலாம். ஊருக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. தென்மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இந்த ஏரியைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம், இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியாகவும் இவ்வூர் அமைந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்ட அக்கால்வாயில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குச் சென்றன.

சங்ககாலத் துறைமுகம் என்ற பெருமை நூல்களில் இருக்கிறது. ஊரின் அன்றாடத்தை நடத்துவது உப்பு. உப்பை நடத்துவது வானிலை. வானிலை மீது பணம் வைப்பதும் அதை வாங்கி விற்பதும் இன்று உலகச் சந்தைகளில் நடக்கும் தொழில். அதன் வேர்களில் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் இருக்கிறது. அத்தொழிலின் வரலாற்றை உப்பளக் கரையில் நின்று பார்த்தால் சந்தையறையில் தெரியாத சில தெரியவரும்.

உப்புப் பாத்தியின் கணக்கு

கடல் நீரின் உப்படர்த்தி போமே மானியில் ஏறக்குறைய 3 டிகிரி. தெப்பத்தில் தேக்கிய நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்க வேண்டும். 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். வெயிலும் உலர்ந்த காற்றும் செய்யும் வேலை இது. ஆள்கூலி, மின்சாரம், குத்தகை எல்லாம் செலவுக் கணக்கில் வரும். வெயில் எந்தக் கணக்கிலும் வராது. வராத ஒன்றுதான் வரவு முழுவதையும் தீர்மானிக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசியில் பாத்திகளைச் சேறெடுத்து மிதித்து இறுக்குவார்கள். பங்குனி, சித்திரையில் உற்பத்தி ஏறும். புரட்டாசி இறுதியில் பருவம் முடியும். இந்த எட்டு ஒன்பது மாத இடைவெளியில் எப்போது வேண்டுமானாலும் கோடை மழை குறுக்கிடலாம். ஒரு ஏக்கர் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் நன்னீர். அத்தனை நன்னீர் இறங்கினால் பல நாள் காய்ந்து அடர்ந்த நீர் மறுபடி நீர்த்துப்போகும். பூத்த உப்பு கரையும். பாத்தியின் தரை இளகும். நீரை வடித்துத் தரையை மீண்டும் மிதித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதுவரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

ஆகவே உப்பளத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் ஒவ்வோராண்டும் வானத்தின் மீது ஒரு பந்தயம் கட்டுகிறார். 'சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் பெருமழை பெய்யாது' என்பது அப்பந்தயம். எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை. தோற்றால் இழப்பைப் பகிர்ந்துகொள்ளவும் ஆள் இல்லை.

பரா பஜாரின் குழாய்வாய்

எதிர்ப்பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு வானிலைப் பந்தயம் கட்டிய இடம் கல்கத்தா. அந்நகரின் வணிக மையமான பரா பஜாரில் மார்வாரி வணிகர்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மழைச் சூது பெருவழக்காக இருந்தது. குறித்த கட்டடத்தின் மொட்டைமாடியில் விழும் மழைநீர், குறித்த கால அளவுக்குள், கூரையின் குழாய்வாய் வழியே வெளியே கொட்டுமா, கொட்டாதா என்பதே பந்தயம். தூறலுக்குப் பயனில்லை. நீர் வழிந்து கொட்டும் அளவுக்குப் பெய்தால்தான் 'மழை'. வானம் இருண்டால் விகிதம் ஒரு பக்கம் சாயும், வெளுத்தால் மறுபக்கம். இன்றைய சந்தைமொழியில் சொன்னால், அந்தக் குழாய்வாய்தான் குறியீட்டெண். அந்த மாடிதான் வானிலை நிலையம். மழைமீது பந்தயம் கட்டும் வழக்கம் ராஜஸ்தானின் வறண்ட ஊர்களுக்குப் புதிதன்று. பலோடி என்னும் ஊரின் சட்டா பஜார் இதற்குப் பெயர்பெற்றது. இன்று அது தேர்தல் முடிவுக் கணிப்புகளுக்காக நாளிதழ்களில் அடிபடுகிறது.

ஆங்கில அரசுக்கு இதை எந்தப் பெட்டியில் போடுவது என்பது சிக்கலாயிற்று. பந்தய ஒப்பந்தங்களை நீதிமன்றம் வழியாக வசூலிக்க முடியாது என்று 1848-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் கூறியது. அபினி ஏல விலை மீது கட்டிய பந்தயங்கள் வழக்குமன்றம் ஏறிய காலம் அது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவில் இதையே மீண்டும் நிறுவியது. ஆனால் செல்லாத ஒப்பந்தம் வேறு, குற்றம் வேறு. 1867-இன் பொதுச் சூதாட்டச் சட்டம் சீட்டு, பகடை போன்ற கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மழை எந்தக் கருவி? பம்பாயில் இக்கேள்வி 1889-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது மழைப் பந்தயக்காரர்கள் சட்டத்தின் பிடிக்குள் வரவில்லை. மறு ஆண்டே, 1890-இல், பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. வங்காளத்தில் 1897-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம், மழைச் சூதுச் சட்டம் என்ற பெயரிலேயே, இவ்வழக்கத்தைத் தடைசெய்தது.

மழைச் சூதால் அழிந்த குடும்பங்கள் இல்லாமலில்லை. எனினும் சட்டம் வந்த விதத்தில் ஒரு முரண் உண்டு. அதே கல்கத்தாவில் குதிரைப் பந்தயம் ஆளுநர்களும் வைசிராய்களும் வருகைதரும் விழாவாக நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தடை இல்லை. குதிரையை ஓட்டுபவனை விலைக்கு வாங்கலாம். மேகத்தை வாங்க முடியாது. நேர்மையை அளவுகோலாகக் கொண்டால் மழைச் சூது ஒரு படி மேல். சென்னை மாநிலத்திலும் இதன் எதிரொலி நெடுங்காலம் கேட்டது. குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யத் தமிழ்நாடு 1974-இல் சட்டம் இயற்றியது. வழக்கு பல்லாண்டுகள் நடந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேகம் பார்ப்பதும் ஒரு திறமையே என்று வாதிட அந்த மன்றத்தில் யாரும் இல்லை.

இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் 1792-இல் நுங்கம்பாக்கம் வானாய்வகம் அமைந்தது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் அத்துறை 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பை ஆண்டுதோறும் வெளியிடலாயிற்று. பஞ்சச் செலவை முன்கூட்டியே மதிப்பிட அரசுக்கு அது தேவைப்பட்டது. மழை வருமா என்று கணித்துச் சொல்வது அரசின் அறிவியலாகவும், அதே கேள்வியின் மீது காசு வைப்பது குடிமக்களின் குற்றமாகவும் பிரிந்தது இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான்.

ஏரிக்கரை நகரங்கள்

ஒரு நூற்றாண்டு கழித்து வானிலைப் பந்தயம் வேறு உடுப்பில் திரும்பியது. இம்முறை மழைக்குப் பதில் வெப்பநிலை. மாடிக்குப் பதில் விமான நிலையம். 1997-இல் என்ரான், கோச் என்னும் இரு அமெரிக்க எரிசக்தி நிறுவனங்கள் மில்வாக்கி நகரின் குளிர்கால வெப்பநிலையை வைத்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வானிலை வணிகத்தின் தொடக்கமாக அது அடிக்கடி சுட்டப்படுகிறது. குளிர் குறைந்தால் வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு விற்பனை குறையும். அந்த இழப்பை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. 1999 செப்டம்பரில் சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் இத்தகைய ஒப்பந்தங்களைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணக்கு எளிது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டை (ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸ்) அடிக்கோடாக வைத்து, ஒரு நாளின் சராசரி அதற்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியதோ அத்தனை 'வெப்பமூட்டும் அலகுகள்'; மேலே எத்தனை ஏறியதோ அத்தனை 'குளிரூட்டும் அலகுகள்'. மாத முடிவில் கூட்டி, ஓர் அலகுக்கு இவ்வளவு என்று பணம் கைமாறும்.

மில்வாக்கியும் சிகாகோவும் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ளவை. இளவேனிலில் ஏரி நீர் இன்னும் பனிக்காலக் குளிரிலேயே இருக்கும். காற்று உள்நாட்டிலிருந்து வீசினால் நகரம் கோடையை உணரும். பிற்பகலில் காற்று திரும்பி ஏரியிலிருந்து வீசத் தொடங்கினால் கரையோரத்தில் வெப்பம் சட்டென்று சரியும்; சில மைல் உள்ளே வெயில் அப்படியே காயும். 'இன்று சிகாகோவில் எவ்வளவு வெப்பம்' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது விடை. அந்நகரின் அதிகாரபூர்வ நிலையமே இடம் மாறியிருக்கிறது. முன்பு ஏரிக்கு நெருக்கமான பகுதிகளில் இருந்தது. பின் மிட்வே விமான நிலையத்துக்கும், 1980-இல் மேலும் உள்நாட்டில் உள்ள ஓஹேர் விமான நிலையத்துக்கும் போயிற்று.

2021-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அனுமதியுடன் தொடங்கிய கல்ஷி போன்ற கணிப்புச் சந்தைகளில் இந்த இட வேறுபாடு காசாகிறது. 'நாளை இந்நகரின் உச்ச வெப்பம் இந்த இரு எண்களுக்குள் அமையும்' என்பதற்கு ஒரு சீட்டு. நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. சீட்டு 35 சென்ட்டுக்கு விற்றால், வாய்ப்பு 35 விழுக்காடு என்று சந்தை கருதுவதாகப் பொருள். அங்கே சிகாகோவுக்குரிய முடிவை மிட்வே நிலையத்தின் அறிக்கை தீர்மானிக்கிறது, ஓஹேர் அன்று. அமெரிக்க வானிலை அறிக்கைகள் ஆண்டு முழுவதும் திட்ட நேரத்தையே பின்பற்றுவதால், கோடையில் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்ந்திருக்கும்போது 'ஒரு நாள்' என்பது நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஒரு மணிக்கு முடியும். இதை அறியாதவர் நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணி நேரத்தில் பணத்தை இழக்கக்கூடும். ஏரிக்காற்று எப்போது திரும்பும் என்று அறிவதுபோலவே, அளப்பவர் எங்கே, எப்போது அளக்கிறார் என்று அறிவதும் இத்தொழிலில் பாதி.

சென்னைக்கு ஏரியின் இடத்தில் கடல். நுங்கம்பாக்கம் நிலையம் கடற்கரைக்கு அருகில். மீனம்பாக்கம் நிலையம் உள்ளே தள்ளி. மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்றைப் பிற்பகல்வரை தடுத்து நிறுத்தும் நாள்களில்தான் நகரம் வெந்து போகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸ் சென்னையின் உச்ச அளவாக நிற்கிறது. நகரத்தார் நொந்துகொள்ளும் அந்த உலர்ந்த மேற்குக் காற்று உப்பளத்தில் வரவேற்கப்படும் விருந்தாளி. ஈரமற்ற காற்றில் நீர் விரைந்து ஆவியாகும். உப்பு விரைந்து பூக்கும்.

எந்த மழைமானி?

இந்தியாவில் வானிலை ஒப்பந்தம் முதலில் காப்பீடாக நுழைந்தது. 2003-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில், உலக வங்கியின் தொழில்நுட்ப உதவியுடன், ஐசிஐசிஐ லோம்பார்டு நிறுவனமும் பேசிக்ஸ் என்னும் குறுங்கடன் அமைப்பும் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழைக் காப்பீடு விற்றன. வயலைப் பார்க்க அதிகாரி வரவேண்டியதில்லை. மழைமானியில் அளவு குறைந்தால் பணம் தானே வரும். இதன் அழகும் குறையும் இதுவே. மானி இருக்கும் இடத்தில் பெய்து வயலில் பெய்யாவிட்டால் விவசாயிக்கு இரட்டை இழப்பு: பயிரும் போயிற்று, காப்பீட்டுக் கட்டணமும் போயிற்று. காப்பீட்டுத் துறையில் இதை அடிப்படை இடர் என்பார்கள். மகபூப்நகரிலேயே மறு ஆண்டு மாவட்ட அளவிலிருந்து மண்டல அளவிலான மழைமானிகளுக்கு இறங்கி வந்தார்கள். 2007-இல் வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அரசுத் திட்டமாகவே தொடங்கியது.

அளவுகோலின் மீது பணம் ஏறினால் அளவுகோலுக்கும் காவல் தேவைப்படும். அமெரிக்காவின் கொலராடோ, கான்சாஸ் பகுதிகளில் மழைக் காப்பீட்டுத் தொகைக்காக அரசின் மழைமானிகளை மூடியும் கம்பிகளை அறுத்தும் மோசடி செய்த பண்ணையாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தண்டிக்கப்பட்டனர். மேகத்தை வாங்க முடியாது. மேகத்தை அளக்கும் குவளையை மூடலாம். பரா பஜாரில் பந்தயக்காரர் எல்லாருடைய கண்ணெதிரிலும் தெரிந்த குழாய்வாய்க்கு இந்த வகையில் ஒரு சிறப்பு இருந்தது.

சந்தை ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் நெடுநாள் இடம்தரவில்லை. முன்பேர வணிகச் சட்டம் கையில் தொட்டுக் கொடுக்கக்கூடிய சரக்கையே சரக்கென்று கொண்டது. 2024 மார்ச்சில் ஒன்றிய நிதியமைச்சகம் வழித்தோன்றல் வணிகத்துக்குரிய பொருள்களின் பட்டியலை விரிவாக்கியபோது 'வானிலை' அதில் இடம்பெற்றது. 2025 ஜூனில் என்சிடிஇஎக்ஸ் சந்தை மழையளவை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தங்களை உருவாக்க இந்திய வானிலைத் துறையுடன் புரிந்துணர்வு உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆண்டில் எதிர்த்திசையிலும் அரசு நகர்ந்தது. ஆம், இல்லை என்று காசு வைக்கும் 'கருத்து வணிக'த் தளங்கள் தன் ஆளுகைக்கு உட்பட்டவை அல்ல என்று செபி ஏப்ரலில் பொதுமக்களை எச்சரித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் ஒன்றியச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மழையளவின் மீதான ஒப்பந்தம் ஒரு கதவு வழியே முறையான வணிகம்; மறு கதவு வழியே சூது. 1897-இன் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டையும் பிரிக்கச் சட்டம் வைத்திருக்கும் பழைய கோடு ஒன்றுண்டு. முடிவில் பெறும் அல்லது இழக்கும் தொகையைத் தவிர அந்நிகழ்வில் இருதரப்புக்கும் வேறு எந்த அக்கறையும் இல்லையென்றால் அது பந்தயம் என்று 1892-இல் ஓர் ஆங்கில நீதிபதி வகுத்தார். இந்திய நீதிமன்றங்களும் அதை மேற்கோளாகக் கொண்டன. இக்கோட்டின்படி, மழை பெய்தால் நடைமுறையில் எதையும் இழக்காதவர் கட்டுவது சூது; மழையால் உப்பை இழப்பவர் கட்டுவது காப்பு. ஒரே சீட்டு, ஒரே விலை, வெவ்வேறு கை.

மரக்காணத்திற்கு ஓர் ஒப்பந்தம்

அந்தக் கோட்டில் நின்று பார்த்தால் வானிலை ஒப்பந்தத்துக்கு மரக்காணத்தைவிடத் தகுதியான இடம் அரிது. மே மாதத்துப் பெருமழை உப்பளத்துக்கு இழப்பு. அதே மழை திண்டிவனம் பக்கத்து ஏரிப்பாசன விவசாயிக்கு ஊற்றில் நீர், மேய்ச்சலில் புல். ஒருவர் இழக்கும்போது மற்றவர் பெறுகிறார். ஒருவருக்கொருவர் எதிர்ப்பக்கமாக நிற்கத்தக்க இருவர் ஒரே வட்டாரத்தில், ஒரே மேகத்தின் கீழ் இருக்கிறார்கள். பரா பஜாரில் கூட இப்படி ஒரு பொருத்தம் இல்லை.

ஆனால் பயிர்க் காப்பீட்டின் எந்தக் கிளையிலும் உப்பு இல்லை. உப்பு பயிர் அன்று. அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58-ஆவது இனமாக, உற்பத்தித் தொழிலாகவே அது எண்ணப்படுகிறது. உழவருக்கு உரிய ஏற்பாடுகள் பாத்தி வரப்போடு நின்றுவிடுகின்றன. உப்பும் உழவுபோல் மண்ணில், நீரில், வெயிலில் விளைவது. 'உப்பு விளைகிறது' என்றே தமிழ் வழக்கும் சொல்கிறது. வழக்குச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

மானியின் சிக்கலும் இங்கே கூர்மையானது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேலும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டரும் பதிவாயின. அத்தகைய புயல் மழையில் எந்த மானியை வைத்தாலும் முடிவு ஒன்றே. உப்பளத்தை உண்மையில் வாட்டுவது அதுவன்று. பருவத்தின் நடுவில் ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை விட்டுவிடும் மாலை இடிமழை. கடற்காற்று உள்ளே நுழைந்து சூடான நிலக்காற்றைச் சந்திக்கும் எல்லையில் மேகம் திரளும். அந்த எல்லை ஒரு நாள் கழுவெளிக்கு மேல், மறுநாள் திண்டிவனத்துக்கு மேல். புதுச்சேரி மானியைக் கொண்டு மரக்காணத்துப் பாத்திக்குப் பணம் தர முயன்றால், சிகாகோவின் இரு விமான நிலையக் கதைதான் இங்கும் நடக்கும். ஒப்பந்தம் பயன்பட வேண்டுமானால் மானி உப்பளத்திலேயே நிற்க வேண்டும். உப்பளத்தில் நின்றால் அதைக் காக்க ஒருவர் வேண்டும்.

இந்த ஒப்பந்தம் வந்தாலும் அது குத்தகைதாரரின் கையில்தான் இருக்கும். வாருபலகை பிடித்து உப்பு வாருவோரும், தலைச்சுமையாகக் கரைசேர்ப்போரும் நாள்கூலிகள். மழை பெய்த மறுநாள் அவர்களுக்கு இழக்க உப்பு இல்லை, கூலி மட்டுமே உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கிவருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, உற்பத்தி நடக்காத மூன்று மாதங்களை வைத்துக் கணக்கிடப்பட்ட தொகை அது. மே மாதத்தில் பெய்யும் மழை அக்கணக்கில் இல்லை. அன்றைக்குக் குவித்த உப்பின் மீது தார்ப்பாயும் தென்னங்கீற்றும் போட்டு மூடிவிட்டு, பாத்தி காயும் நாளுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள்.